மூணு மணி வண்டியின் மருமகள்

அத்தியாயம் 11

ஷைனி புத்தகக் கட்டை ஆட்டோவிலிருந்து இறக்கிய இடத்தில் போன வாரம் நிறுத்தினோம். கட்டைச் சுற்றியிருக்கும் சணலை அறுக்கக் கத்தி தேடி அவள் சமையலறைக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள், புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர் எபினேசர். முப்பது வருஷத்துக்கு முன்னால் தொழிற்சங்க விழாவுக்காக ஓரங்க நாடகம் ஒன்று எழுதினார். பெயர் ‘மூணு மணி வண்டி’. புத்தி தடுமாறிய மாமியாரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, மூணு மணி கம்பெனி வண்டியில் ஏறி வேலைக்குப் போய்விடுகிறாள் ஒரு மருமகள். உள்ளே கிழவி தண்ணீருக்குத் தவித்துச் சாகிறாள். கதை அவ்வளவுதான்.

மணலி, எண்ணூர், அம்பத்தூர் என்று ஆலை இருக்கிற ஊருக்கெல்லாம் அந்த நாடகம் போனது. பார்த்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பார்த்த ஆண்கள் அன்றைக்கு மட்டும் அம்மாவுக்குப் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இப்போது அதைக் கிளாசிக் என்று சொல்லி ஒரு பதிப்பகம் மறுபடி அச்சடித்திருக்கிறது. இன்று சாயந்திரம் திருவள்ளூர் பக்கம் மணவாள நகரில் வெளியீட்டு விழா.

நாடகத்தில் வரும் மகனுக்கு டேவிட் என்று பெயர் வைத்தார் எபினேசர். தன் தாய் தேவகிருபையை அன்னம்மாள் ஆக்கினார். மருமகளின் பெயரை மட்டும் மாற்றவில்லை. சின்னப்பொண்ணு என்றே விட்டுவிட்டார். அந்தப் பெயரில் ஒரு ஓசை இருக்கிறதாம், மேடையில் கூப்பிட்டால் கடைசி வரிசை வரைக்கும் கேட்குமாம்.

சின்னப்பொண்ணு அவருடைய மனைவி.

இரண்டு மாசத்துக்கு முன்னால் அவள் மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். புத்தகம் போடு, விழா எடு, உங்கள் நைனாவுக்கு மாலை போடு, எல்லாம் செய். என் பேரை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடு. பதிப்பாளரிடம் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள் ஷைனி.

கத்தி கிடைத்துவிட்டது. சணல் அறுந்தது. மேலே இருந்த பிரதியை எடுத்துத் தகப்பனின் மடியில் வைத்தாள் ஷைனி.

எபினேசருக்கு வாதம் வந்ததிலிருந்து வலது கையும் வலது காலும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. அவருக்கே பேச்சு இல்லை. ‘ஆங்’ வரும், ‘இல்ல’ வரும், எப்போதாவது மகளின் பெயர் அரைகுறையாக வரும். இடது கையால் அட்டையைத் தடவிப் பார்த்தார். அட்டையில் பெரிய பூட்டு ஒன்றின் படம். அவர் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒரு புத்தகத்தை எடுத்தாள். அஞ்சாம் வகுப்புப் படிப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். முதல் பக்கத்தைப் புரட்டினால் போதுமாக இருந்தது. சின்னப்பொண்ணு, மருமகள், கல் நெஞ்சுக்காரி என்று கறுப்பு மையில் அழுத்தமாகப் போட்டிருந்தது.

“பேரு அப்டியே கீதே” என்றாள்.

ஷைனி தாயின் முகத்தைப் பார்க்காமல் சணலைச் சுருட்டினாள். பதிப்பாளர் மோகன்ராஜ் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். இத்தனை வருஷம் ஜனங்கள் வாயில் புழங்கிய நாடகம், அதில் கை வைத்தால் விமர்சகர்கள் சும்மா விடமாட்டார்கள் என்றாராம். எழுதினவரே சொன்னால் மாற்றலாம் என்றும் சொன்னாராம்.

“நைனாவையும் கேட்டேன்மா. இல்லன்னு தலைய ஆட்டிட்டாரு.”

“எப்ப கேட்ட?”

“போனவாட்டி வந்தப்ப. நீ தண்ணி புடிக்கப் போயிருந்தப்ப.”

சின்னப்பொண்ணு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அட்டைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷனை நாளெல்லாம் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, பீ மூத்திரம் எடுத்து, உடம்பில் ஒரு புண் வராமல் பார்த்துக்கொள்வது அவள். தலையை ஒரு தடவை மேலும் கீழும் அசைத்திருந்தால் அவள் பேர் அவளுக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். அதைக்கூடச் செய்ய மனசு வரவில்லை அவருக்கு. ஆனால் கஞ்சி ஆறிக்கொண்டிருந்ததால் மறுபடி கரண்டியை எடுத்தாள்.

ஷைனி கெட்டவள் இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும். சின்ன வயசில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளை ‘மூணு மணி’ என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். அவள் ஒரு பக்கம் சேர வேண்டியிருந்தது. ஊர் திட்டுகிற அம்மாவின் பெண்ணாக இருப்பதைவிட, ஊர் கை தட்டுகிற அப்பாவின் பெண்ணாக இருப்பது சுலபம். அவள் அப்படியே வளர்ந்து, படித்து, மணவாள நகரில் தமிழ் டீச்சராகவும் ஆகிவிட்டாள். இந்த மறுபதிப்பே அவள் ஓடியாடிச் செய்த ஏற்பாடுதான்.

“முப்பது வருஷம் அந்தப் பேரோட இருந்துட்டம்மா. இனிமே இன்னா?”

“இருந்துட்டேன். சாவும்போதும் அதோட போவ வேணாம்னுதான் கேட்டேன்.”

ஷைனி சணலைக் கீழே வைத்தாள். பிறகு, இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் கேட்காததைக் கேட்டாள்.

“கோச்சுக்காத. அன்னிக்கு சாவி யாராண்ட இருந்துச்சி?”

“என்னாண்ட இல்ல.”

“அப்ப யாராண்ட?”

எபினேசர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். சின்னப்பொண்ணு பதில் சொல்லவில்லை. சொல்லமாட்டேன் என்று அவரிடம் கொடுத்த வாக்கு ஒன்று இருந்தது. வாக்கு வாங்கியவருக்கு நன்றி இருக்கிறதோ இல்லையோ, கொடுத்தவளுக்கு அது தொண்டையில் நின்றது. ஷைனி அந்த மௌனத்தைத் தனக்குத் தெரிந்தபடி அர்த்தம் பண்ணிக்கொண்டு, விழாவுக்குக் கட்ட நைனாவின் வெள்ளை வேட்டியைத் தேடப் போனாள்.

* * *

அன்றைக்கு நடந்தது இதுதான்.

அப்போது ஷைனி பிறக்கவில்லை; எபினேசருக்கு ஆலையில் காலை ஷிப்ட். சின்னப்பொண்ணுவுக்கு இறால் பதப்படுத்தும் கம்பெனியில் மத்தியான ஷிப்ட். மாமியார் தேவகிருபைக்குப் புத்தி பிசகி, கதவு திறந்திருந்தால் நேராக ரயில் தண்டவாளத்துக்கு நடந்துவிடுவாள். இரண்டு தடவை கேட் கீப்பர் இழுத்து வந்து விட்டார். அதனால் சின்னப்பொண்ணு கிளம்பும்போது வெளியே பூட்டுவாள். பைபாஸ் முனையில் மூணு மணிக்கு அவளை ஏற்றிப் போகும் வண்டியும் அவரை இறக்க வரும் வண்டியும் எதிரெதிரே நிற்கும். ஜன்னல் வழியாகச் சாவி கைமாறும். அரைமணி நேரத்தில் அவர் வீட்டைத் திறந்துவிடுவார்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போகிற வீடுகளில் பாதிக்கு அதுதான் பழக்கம். சாவி, சாப்பாட்டு டப்பா, குழந்தையின் காய்ச்சல் மருந்து எல்லாம் வண்டிக்கு வண்டி ஜன்னல் வழியாகத்தான் போகும். ஆள் இல்லாவிட்டால் பக்கத்து சீட்டுக்காரரிடம் கொடுப்பார்கள். அது போய்ச் சேரும். சேராமல் போனதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

அன்று எபினேசர் ஜன்னலில் இல்லை. பக்கத்து சீட்டு குப்புராஜ், அவருடைய சிநேகிதன், கையை நீட்டினான். எபி கொஞ்சம் முன்னாலேயே போயிட்டான், நான் குடுத்துடறேன் தங்கச்சி என்றான். அவள் கொடுத்தாள். வண்டி கிளம்பிவிட்டது.

ஷிப்ட் முடிந்து அவள் வந்தபோது வீட்டு வாசலில் கூட்டம். கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கிழவி கதவோடு ஒட்டிச் செத்துக் கிடந்தாள். விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் கதவைத் தட்டும் சத்தம் கேட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். எப்போதும் தட்டுகிற கிழவிதானே என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

சாவி சட்டைப் பையில் இருந்ததையே மறந்துபோய் வீட்டில் தூங்கிவிட்டேன் என்று குப்புராஜ் அவள் எதிரில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான். சங்க வேலையாகப் போய்விட்டு இருட்டிய பிறகு வந்து, சாவி இல்லாமல் கதவை உடைத்ததாகச் சொன்ன எபினேசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு அழுதார். அவன் பேரை வெளியே சொன்னால் ஆத்திரத்தில் அடித்தே கொன்றுவிடுவார்கள், பிள்ளைக்குட்டிக்காரன், விட்டுவிடு என்றார். அவள் விட்டாள். கேட்டவர்களுக்கெல்லாம் சாவி கை மாறுவதில் பிசகிவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வருஷம் நாடகம் வந்தது. அதில் குப்புராஜ் இல்லை, ஜன்னல் இல்லை. சாவி அவள் முந்தானையில் இருந்தது. ஏன் இப்படி என்று கேட்டபோது, நாடகம் என்றால் ஒரு ஆள் மேல் குத்தம் இருக்க வேண்டும், மேடையில் சொல்வதை எவன் நிஜமென்று எடுத்துக்கொள்வான் என்றார் எபினேசர். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் தெருவில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். சின்னப்பொண்ணுவிடம் அதற்குப் பிறகு ஒருவரும் சாவி கொடுத்ததில்லை. வயசானவர்கள் இருக்கிற வீட்டில் அவளை உள்ளே கூப்பிட்டதும் இல்லை. மருமகளைத் திட்டுகிற மாமியார்கள் அவள் பேரைத்தான் சொல்லித் திட்டினார்கள். எதிரில் நிற்பவள்தான் அந்தப் பேருக்குச் சொந்தக்காரி என்றுகூடப் பார்க்காமல் திட்டினார்கள்.

* * *

மத்தியானம் வேன் வந்தது. பெரியபாளையம் வழியாக மணவாள நகர் போய்ச் சேரும்வரை ஷைனி தகப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சின்னப்பொண்ணு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள்.

கல்யாண மண்டபத்தைத்தான் விழாவுக்கு எடுத்திருந்தார்கள். வாசலில் எபினேசர் படம் போட்ட பேனர். சக்கர நாற்காலியை நாலு பேர் தூக்கி மேடைக்குக் கீழே முதல் வரிசையில் வைத்தார்கள். மோகன்ராஜ் ஓடி வந்து சால்வை போர்த்தினார். பழைய ஆலைக்காரர்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பக்கத்தில் நின்ற சின்னப்பொண்ணுவைப் பார்த்ததும் அந்த அழுகை சட்டென்று நின்று, தலை மட்டும் அசைந்தது.

காலேஜ் பெண் ஒருத்தி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். நல்ல லட்சணமான பெண்.

“ஆன்ட்டி, நான் மோனிகா. நான்தான் ஆன்ட்டி நீங்க.”

சின்னப்பொண்ணுவுக்கு முதலில் புரியவில்லை. அன்றைக்கு நாடகத்தில் மருமகளாக நடிக்கிறவள் என்று புரிந்ததும் அந்தப் பெண்ணின் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். மோனிகா ஒரு சந்தேகம் கேட்க வந்திருந்தாள். சாவியை முந்தானையில் எந்தப் பக்கமாக முடிவீர்கள், இடுப்பில் செருகுவீர்களா என்று கேட்டாள். அச்சு அசலாகச் செய்ய வேண்டுமாம்.

“நான் முந்தானையில முடிஞ்சிக்கல கண்ணு.”

“அப்ப இடுப்புலயா ஆன்ட்டி?”

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளே யாரோ கூப்பிட்டார்கள், ஓடிவிட்டாள். சின்னப்பொண்ணுவுக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்.

உட்காரப் போனபோதுதான் இரண்டாம் வரிசையில் குப்புராஜைப் பார்த்தாள். தலை பூராவும் நரைத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நாடகம் முதலில் மேடையேறியபோது கதவை உடைக்கும் பக்கத்து வீட்டுக்காரனாக நடித்தவர் என்று அவரையும் கௌரவிக்க வரச் சொல்லியிருந்தார்கள். முப்பது வருஷமாக அவள் அவரோடு பேசியதில்லை. அவர் அவளைப் பார்த்துப் பாதி எழுந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

விளக்கு அணைந்தது. சின்னப்பொண்ணு அந்த நாடகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஊரெல்லாம் பார்த்து, ஊரெல்லாம் அழுத நாடகத்தை இப்போதுதான் பார்க்கிறாள்.

எபினேசர் நன்றாகத்தான் எழுதியிருந்தார். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கிழவி பேசும் பேச்சு அப்படியே தேவகிருபை பேசும் பேச்சு. ராத்திரியில் எழுந்து இல்லாத கோழிக்குத் தீனி போடுவது, மருமகளை ஒரு நாள் அக்கா என்றும் ஒரு நாள் ஆயா என்றும் கூப்பிடுவது எல்லாம் அப்படியே இருந்தது. அந்தக் கிழவிக்குத் தலை வாரிப் பேன் பார்த்தது அவள். அது நாடகத்தில் இல்லை.

பிறகு மோனிகா கதவைப் பூட்டினாள். சாவியைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் காட்டி, முந்தானையில் முடிந்தாள். திரைக்குப் பின்னால் கதவைத் தட்டும் சத்தம் ஆரம்பித்தது. மோனிகா வாசலில் நின்று அதைக் காது கொடுத்துக் கேட்டாள். கேட்டுவிட்டு, “கத்து, தண்ணி கேட்டுக் கத்து, நான் வர்றவரைக்கும் கத்து” என்று சொல்லிச் சிரித்தாள். வண்டியின் ஹாரன் ஒலித்தது. அவள் போய்விட்டாள். தட்டும் சத்தம் மட்டும் தொடர்ந்தது.

“பாவி, நல்லா இருப்பாளா இவ” என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. யாரோ அவளை இடித்து முன்னால் காட்டியிருக்க வேண்டும். அந்தக் குரல் அடங்கியது.

சின்னப்பொண்ணு மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாவியை முடிந்ததாக எழுதியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். சிரித்ததாக எழுதியிருப்பார் என்று தெரியாது. முப்பது வருஷமாக ஊர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் பார்த்தது அந்தச் சிரிப்பைத்தான் என்று இப்போது விளங்கியது. பக்கத்தில் எபினேசர் விசும்பிக்கொண்டிருந்தார். ஷைனி தன் கைக்குட்டையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

கை தட்டல் ஓய்ந்ததும் நாற்காலியோடு எபினேசரை மேடையேற்றினார்கள். மோகன்ராஜ் புத்தகத்தை வெளியிட்டார். முதல் பிரதியை எழுத்தாளரின் துணைவியார் பெற்றுக்கொள்வார் என்று அறிவித்தார். இது ஷைனிக்கும் தெரியாத ஏற்பாடு. கொடுமைக்காரப் பாத்திரத்தின் பெயர் கொண்டவரே வந்து வாங்குவது எவ்வளவு பெருந்தன்மை என்று மைக்கில் சொல்லி, அதற்கும் ஒரு கை தட்டல் வாங்கினார்.

சின்னப்பொண்ணு ஏறினாள். புத்தகத்தை வாங்கினாள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மோகன்ராஜ் மைக்கை அவள் வாய்க்கு நேரே பிடித்தார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லுவாள், அடுத்த நிகழ்ச்சிக்குப் போகலாம் என்று அவர் நினைத்திருப்பார்.

“நான் சாவிய எடுத்துக்கினு போவல” என்றாள் சின்னப்பொண்ணு.

மண்டபம் அடங்கியது. அவள் சொன்னாள். மைக்கில் பேசிப் பழக்கமில்லாததால் குரல் எங்கேயோ போய் எங்கேயோ வந்தது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். ஜன்னலில் கொடுத்தேன், குப்புராஜ் அண்ணன் வாங்கினார், மறந்துபோய்த் தூங்கிவிட்டதாக அவரே என்னிடம் சொன்னார், இவர் கேட்டுக்கொண்டதால் நான் வாயைத் திறக்கவில்லை.

“எங்க அத்தைய நான் கொல்லல. அவங்க கதவ தட்டறத கேட்டு நான் சிரிக்கல. குப்புராஜ் அண்ணன் இங்கதான் குந்திக்கினு கீறாரு. கேளுங்க.”

யாரும் குப்புராஜைப் பார்க்கவில்லை. எல்லோரும் எபினேசரைத்தான் பார்த்தார்கள். மோகன்ராஜ் சிரித்தபடி மைக்கை இழுக்கப் பார்த்தார். அதற்குள் ஷைனி மேடைக்கு வந்துவிட்டாள். முகம் சிவந்திருந்தது. மைக்கை வாங்கிக்கொண்டு தகப்பனின் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டாள்.

“நைனா. அம்மா சொல்றது நெசமா?”

எபினேசர் மகளைப் பார்த்தார். மனைவியைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த புத்தகத்தை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டார்.

“இல்ல” என்றார்.

வாதம் வந்த நாளிலிருந்து அவர் வாயிலிருந்து இவ்வளவு தெளிவாக ஒரு சொல் வந்ததில்லை. கடைசி வரிசையில் யாரோ கை தட்டினார்கள். படுக்கையில் கிடந்த மனுஷன் பேசிவிட்டாரே என்று மற்றவர்களும் தட்டினார்கள். மண்டபம் முழுவதும் தட்டியது.

சின்னப்பொண்ணு மேடையை விட்டு இறங்கினாள். இரண்டாம் வரிசையில் குப்புராஜின் நாற்காலி காலியாக இருந்தது.

* * *

மண்டபத்துக்குப் பக்கவாட்டில் பைக்குகள் நிறுத்தியிருந்த இடத்தில் குப்புராஜ் நின்றிருந்தார். பற்ற வைக்காத பீடி ஒன்று விரலிடையில் இருந்தது. சின்னப்பொண்ணு நேராக அவரிடம் போனாள்.

“இன்னாத்துக்கு எழுந்து ஓடியாந்த? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?”

“அவன் இல்லன்னான் பாரு தங்கச்சி. அத கேட்டுக்கினு குந்தியிருக்க முடியல.”

“நீ மறந்துட்டன்னு தெரிஞ்சா உன்ன அடிப்பாங்கன்னுதான் நான் இத்தினி வருஷம் பொத்திக்கினு இருந்தேன்.”

குப்புராஜ் பீடியைக் கீழே போட்டார். அவளை நேராகப் பார்த்தார்.

“நான் மறக்கல தங்கச்சி.”

அவளுக்குப் புரியவில்லை.

“வண்டிய வுட்டு எறங்கி நேரா சங்கத்து ஆபீசுக்குத்தான் போனேன். அந்த வருஷத்து விழா நாடகத்துக்கு ஒத்திகை நடந்துக்கினு இருந்துச்சி. அதுக்காகத்தான் அவன் அரை நாள் லீவு போட்டிருந்தான், உனக்குச் சொல்லாம. சாவிய அவன் கையில குடுத்தேன். அம்மா உள்ள கீறாங்கடா, போடான்னேன். இந்த ஒரு சீன முடிச்சிட்டுப் போறேன்னான். சட்டப்பையில போட்டுக்கினான்.”

சின்னப்பொண்ணு பக்கத்தில் இருந்த பைக்கின் சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப வெயிலு இருந்துச்சா?”

“நல்ல வெயிலு.”

விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் தட்டும் சத்தம் கேட்டது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அப்படியானால் கிழவி உயிரோடு இருந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்த அத்தனை நேரமும் சாவி அவள் பெற்ற மகனின் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. ஒரு சீன், இன்னொரு சீன் என்று அவர் வசனம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அது தெரிந்துதான் அவர் அந்த நாடகத்தை எழுதினார். அது தெரிந்துதான் மனைவியைச் சிரிக்க வைத்தார்.

குப்புராஜ் சொல்லிக்கொண்டே போனார். எபினேசர் இவர் காலில் விழுந்தாராம். பெண்டாட்டிக்குத் தெரிந்தால் என்னோடு வாழ மாட்டாள், நீ மறந்துவிட்டதாகச் சொல்லிவிடு என்றாராம். சிநேகிதனுக்காக அவளிடம் மட்டும்தானே அந்தப் பழி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று இவரும் ஏற்றுக்கொண்டாராம். நாடகத்தில் அவளைப் போடுவான் என்று நினைக்கவில்லையாம்.

“நீயும் அதுல நடிச்சியே அண்ணே” என்றாள் சின்னப்பொண்ணு. “ஊர் ஊரா போயி, ஒவ்வொரு ஊர்லயும் கதவ ஒடச்சியே.”

அவர் அழுதார். அவளுக்கு அவர் அழுகையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. ஒரு ஆணைக் காப்பாற்ற இன்னொரு ஆண், அவனைக் காப்பாற்ற இவள் என்று தன் ஆயுசில் பாதி போய்விட்டதே என்ற நினைப்பு மட்டும்தான் மனசில் இருந்தது.

சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஷைனி நின்றிருந்தாள். தாயைத் திட்டுவதற்காக வந்தவள். எப்போதிலிருந்து நிற்கிறாளோ தெரியாது. முகத்தில் ரத்தமே இல்லை.

உள்ளேயிருந்து மோகன்ராஜின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. எழுத்தாளர் எபினேசரின் குடும்பத்தார் குரூப் போட்டோவுக்காக உடனே மேடைக்கு வரும்படி கேட்டுக்கொண்டார்.

“மாமா” என்றாள் ஷைனி. குரல் பிசிறியது. “இப்ப சொன்னத உள்ள வந்து சொல்லுவீங்களா?”

குப்புராஜ் தலையை அசைத்தார். “அவன் இன்னிக்கோ நாளைக்கோன்னு கீறான்மா. நிம்மதியாப் போய்ச் சேரட்டும். அப்புறமா சொல்றேன், சத்தியமா சொல்றேன்.”

ஷைனி தாயைப் பார்த்தாள். என்ன செய்யட்டும் என்று கேட்கும் பார்வை. பிறந்ததிலிருந்து அவள் அந்த மாதிரி ஒரு பார்வை அம்மாவைப் பார்த்ததில்லை.

“அவரு போனப்புறம் சொன்னா, செத்தவரு மேல பழி போடறாங்கன்னுவாங்க” என்றாள் சின்னப்பொண்ணு. “அவருக்குக் காது கேக்குது. நல்லா கேக்குது. இப்ப சொல்லு.”

குப்புராஜ் நகரவில்லை. சின்னப்பொண்ணு அவரிடம் போய், மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். புருஷனைத் தவிர இன்னொரு ஆணின் விரலைக்கூட அவள் தொட்டதில்லை. பிடித்த பிடியில் அவர் ஒரு அடி முன்னால் வந்தார். பிறகு இன்னொரு அடி.

ஷைனி அவர்களுக்கு முன்னால் படியேறி உள்ளே போனாள். மேடையில் எபினேசரின் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் போட்டோவுக்காக இடம் விட்டு எல்லோரும் சிரித்தபடி நின்றார்கள். அவள் அந்த இடத்தில் போய் நிற்கவில்லை. மோகன்ராஜிடம் போய் மைக்கைக் கேட்டுக் கையை நீட்டினாள்.